பொது சுகாதாரம் படிக்கிறேன் என்கிறாள் மகள்: தேவகோட்டை அக்காவுக்கு

அக்கா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மகளின் மேல்படிப்பு பற்றிக் கேட்க அவளோடு வந்தபோது கூட்டம் அதிகமாக இருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன், அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ரெண்டு தடவை நீட் எழுதியாச்சு, பி.எஸ்சி. விலங்கியலும் முடியப்போகுது, இப்ப என்னமோ பொது சுகாதாரம்கிறா, கொசு மருந்து அடிக்கிற வேலைக்கா இவ்வளவு படிக்க வச்சோம்" என்று கேட்டீர்கள். இதே கேள்வியோடு காரைக்குடி, திருப்பத்தூர் பக்கமிருந்து இன்னும் பல பெற்றோர் வருகிறார்கள், அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கொசு மருந்து அடிப்பவரைக் குறைத்துப் பேச வேண்டாம், டெங்கு நேரத்தில் அவர் வராவிட்டால் நாம்தான் போன் போட்டுக் கூப்பிடுகிறோம். ஆனால் உங்கள் மகள் கேட்கிற வேலை வேறு. எந்தத் தெருவில் அடிக்க வேண்டும், அடித்த பிறகு காய்ச்சல் குறைந்ததா, தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்திருந்தாலே போதுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற வேலை அது. ஊருக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பது ஒரு பாதி. அதற்காகப் போட்ட திட்டம் பலன் தந்ததா என்று பார்ப்பது மறுபாதி.

பேச்சோடு பேச்சாக உங்கள் மாமியாரைப் பற்றிச் சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பிரஷர் மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வந்துவிடுகிறது, அவரும் வாங்கி முறுக்கு டப்பாவில் போட்டு வைக்கிறார், டப்பா நிறைந்துவிட்டது. ஏன் சாப்பிடவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு "அதைப் போட்டா கால் வீங்குதுத்தா" என்றாராம். மாத்திரை கொண்டுவந்த பெண்ணிடம் அதை அவர் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் அந்த வீட்டில் எல்லாம் சரி, மாத்திரை கொடுத்தாயிற்று. பிரஷரை அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். மாத்திரை எத்தனை வீட்டுக்குப் போனது என்பதையும் எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது என்பதையும் தனித்தனியாக எண்ணுவதுதான் திட்ட மதிப்பீட்டின் முதல் பாடம். உங்கள் மகள் அதை உங்கள் வீட்டு முறுக்கு டப்பாவிலேயே பார்த்துவிட்டாள்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2020-ல் தமிழ்நாடு முழுக்க நடந்த ஸ்டெப்ஸ் என்ற கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது, அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் அது 10.8. வீடு தேடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? 2021 ஆகஸ்டில், இப்படி வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. இந்த மாதிரி எண்களை எடுத்துத் தருகிறவர்களில் ஒருத்தியாகத்தான் உங்கள் மகள் ஆகப் பார்க்கிறாள்.

நம் பக்கத்திலேயே இன்னொரு பழைய கதை உண்டு. 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று, மதுரை மாவட்டத்தில் இருக்கிற கொட்டாம்பட்டி ஒன்றியம். எல்லாக் குழந்தைக்கும் சத்துணவு என்று போகாமல், மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாதம் கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். அளந்து பார்த்துச் செய்ததால்தான் இன்றைக்கும் பொது சுகாதாரத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே மாதிரி, காசநோயில் இறந்தவர்களின் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தபோது பெரும்பாலான இறப்பு சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடப்பது தெரிந்தது. அதனால் 2022-ல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. நோய் கண்டுபிடித்த உடனே உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதற்குப் பெரிய மெஷின் எதுவும் தேவைப்படவில்லை, யாரோ உட்கார்ந்து எண்ணியதுதான் இங்கே உயிர் காப்பாற்றுகிறது.

நம் ஊரில் இந்த வேலையின் கஷ்டம் என்ன தெரியுமா? பூட்டிய வீடு. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் தெருவில் நடந்தால் பாதி வீடு பூட்டித்தான் இருக்கும், சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கணக்கெடுக்கப் போகிறவர் முகப்பில் நின்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் வீடோ இந்தத் தெருவில் தொடங்கி அந்தத் தெருவில் முடிகிறது, உள்ளே இரண்டாம் கட்டு என்கிற பின்பகுதியில் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார், காது கேட்காது, நடந்து வாசலுக்கு வர ஐந்து நிமிஷம் ஆகும். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்தான் கணக்கிலேயே வரமாட்டார். பின்வாசல் தெருவுக்கும் போய், சாயங்காலம் இன்னொரு தடவை வந்து பார்க்கிற பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா? இருந்தால் இந்தப் படிப்பு அவளுக்குத்தான்.

சரி, எங்கே படிப்பது. எம்.பி.எச். என்கிற, பொது சுகாதாரத்தில் இரண்டு வருட முதுகலைப் படிப்பைத் தேடுங்கள். ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எல்லாம் பேர் பெற்றவை. சென்னை அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று துறை உண்டு. ஒன்று மட்டும் கவனம்: சில இடங்களில் மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங் மாதிரி டிகிரிதான் கேட்பார்கள், விலங்கியலுக்கு இடம் இருக்காது. பீஸைப் பார்க்கும் முன் அறிவிப்பில் தகுதிப் பகுதியைப் படியுங்கள். தனியார் இடங்களில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிச் சேர்ப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கிராமத்தில் எத்தனை வாரம் களப்பணி, புள்ளியியல் யார் நடத்துகிறார்கள், போன வருடம் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம்.

வேலை விஷயத்தில் உங்களிடம் ஒளிக்க மாட்டேன். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், ஆராய்ச்சித் திட்டங்களில், தேசிய சுகாதாரத் திட்டத்தின் மாவட்டப் பணிகளில், தொண்டு நிறுவனங்களில். திட்டம் முடிந்தால் அடுத்தது தேட வேண்டும். அரசு வேலை, பென்ஷன் என்று மட்டும் மனதில் வைத்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் களத்துக்கும் போய், டேட்டாவையும் தானே பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது, அப்படிப்பட்டவர்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அதனால் எக்ஸெல் நன்றாக வரட்டும், அப்புறம் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், அது இலவசம்தான். புள்ளியியலுக்குப் பயந்தால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு மாதம் ஒரு வேலை செய்யட்டும். உங்கள் தெருவில் முப்பது வீடு. அனுமதி கேட்டு, பேர் எழுதாமல், வயது, யாருக்கு என்ன நோய், மாத்திரை எங்கே வாங்குகிறார்கள், விட்டுவிட்டார்களா, விட்டால் ஏன் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதட்டும். பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவையாவது போக வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, அந்த ஊருக்கு என்ன குறை என்று அவர் நினைக்கிறார் என்பதையும் எழுதட்டும். ஊர்க்காரர்கள் சொல்கிற தேவையும் நோட்டில் தெரிகிற தேவையும் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசம் அவளுக்கு சுவாரசியமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் அலைந்து சலித்துவிட்டால் அதுவும் நல்லதுதான், இரண்டு வருடமும் பணமும் மிச்சம். எம்.எஸ்சி., பி.எட். என்று வேறு வழிகளைப் பேசலாம்.

நோட்டோடு இரண்டு பேரும் ஒரு வேலை நாளில் வாருங்கள், கூட்டம் இருக்காது. அதற்கு முன்னால், அக்கா, உங்கள் மாமியாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கால் வீக்கத்தைக் காட்டுங்கள். சில பிரஷர் மாத்திரைகளுக்கு அப்படி வீங்குவது உண்டு, டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். அந்த முறுக்கு டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.