ரெய்டுன்னா சரியா என்ன அர்த்தம்? அட்டாக், ஆம்புஷ், ரெய்டு மூணும் ஒண்ணு தானா?

ஒண்ணு இல்லங்க. டிக்‌ஷனரில மூணுக்கும் திடீர் தாக்குதல்னு போட்டுடறதால தான் குழப்பம் வருது. எனக்கு ரெய்டுங்கற வார்த்தை புரிஞ்சது கபடி களத்துல. தக்கலை பக்கம் எங்க ஊர் டீம்ல மொத மேட்ச், ரெண்டு பேர தொட்டுட்டேன், தொட்ட சந்தோஷத்துல ஒரு செகண்ட் உள்ளேயே நின்னுட்டேன், கார்னர்ல நின்னவன் கால பிடிச்சு அமுக்கிட்டான். பாயிண்ட் அவங்களுக்கு போச்சு. எங்களுக்கு சொல்லிக்குடுத்த அண்ணன் வந்து "லேய் மக்கா, தொட்டா மட்டும் போதாதுலே, தொட்டுட்டு கோட்டுக்கு திரும்பி வரணும்"னு சொன்னாவ.

அதான் ரெய்டு. அடுத்தவன் எடத்துக்குள்ள திடீர்னு போகணும், காரியத்த முடிக்கணும், திரும்பி வரணும். கபடில இதுக்கு 30 செகண்டு தான். ஏர் ரெய்டும் அப்படித்தான், விமானம் வந்து குண்டு போட்டுட்டு போயிரும்.

இந்த வார்த்தை பொறந்த கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். ரைடு, ரோடு, ரெய்டு மூணும் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்துல குதிரை ஏறி போறதுக்கு இருந்த ஒரு சொல்லு தெக்க இங்கிலாந்துல ரோடுன்னு ஆச்சு, வடக்க ஸ்காட்லாந்து பேச்சுல ரெய்டுன்னு நின்னுச்சு. அங்க எல்லையில இருந்தவங்க ராத்திரி குதிரையில போயி அந்தப் பக்கத்து மாட்ட ஓட்டிட்டு வந்துருவாங்க. அப்புறம் மங்கிப்போன இந்த சொல்ல வால்டர் ஸ்காட் 19ம் நூற்றாண்டு தொடக்கத்துல தன்னோட எழுத்துல எடுத்து மறுபடி புழக்கத்துக்கு கொண்டு வந்தாரு.

மாட்ட ஓட்டிட்டு வாறதுன்னதும் உங்களுக்கு வெட்சி ஞாபகம் வந்திருக்கணும். ஆநிரை கவர போறவங்க சூடுற பூ வெட்சி, அத மீட்க போறவங்க சூடுறது கரந்தை. எங்க மாவட்டத்துல தெச்சின்னு சொல்லி கோயில் மாலைக்கு கட்டுறோமே, அதே வெட்சி தான். ரெய்டுக்கு தமிழ்ல வார்த்தை இல்லன்னு யாராவது சொன்னா எனக்கு மனசு கேக்காது, நம்ம ஆளுங்க அதுக்கு ஒரு திணையே வச்சிருந்தாங்க.

எங்க அக்கா மவ ஒருநாள் இங்கிலீஷ் கட்டுரைல டச்சுக்காரங்க குளச்சல ரெய்டு பண்ணினாங்கன்னு எழுதியிருந்தா. மக்ளே, அது ரெய்டு இல்ல, இன்வேஷன்னு சொன்னேன். ஏன்னா அவங்க அடிச்சுட்டு ஓட வரல, எடத்த பிடிச்சு தங்க வந்தவங்க. 1741ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படைகிட்ட தோத்தாங்க, பிடிபட்ட டச்சு தளபதி டிலனாய் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி குடுத்து கடைசில உதயகிரி கோட்டைல அடக்கமானாரு. ஒருவேளை ராத்திரி கப்பல்ல வந்து கிட்டங்கிய கொள்ளையடிச்சுட்டு விடியறதுக்குள்ள போயிருந்தா, அது ரெய்டு.

ஆம்புஷ் இதுக்கு நேர் எதிர். அதுக்குள்ள புஷ், அதாவது புதர் இருக்கு பாருங்க, காட்டுல பதுங்கி இருக்கறதுல இருந்து வந்தது. ரெய்டுல நாம போறோம், ஆம்புஷ்ல அவன் வரட்டும்னு காத்திருக்கோம். என் கால பிடிச்ச கார்னர்காரன் பண்ணினது ஆம்புஷ். அட்டாக் பொதுச்சொல்லு, ஹார்ட் அட்டாக் வரைக்கும் போகும், அங்க ரெய்டு போட முடியாது.

அப்புறம் ஐடி ரெய்டு. 2026 மார்ச் வரைக்கும் இருந்த 1961 வருமான வரி சட்டத்துல இதுக்கு 132ம் பிரிவு, அங்க சொன்னது சர்ச் அண்ட் சீஷர், அதாவது தேடிப் பாத்து பறிமுதல் பண்றது. அதே சட்டத்துல 133ஏ பிரிவுல வந்த சர்வே வேற, கடை, ஆபீஸ் மாதிரி தொழில் நடக்கற எடத்துல போயி கணக்கு பாக்கறது, ஆனா டிவில ரெண்டுக்கும் ரெய்டுன்னே ஓட்டுவாங்க, பேர் கெட்டுப்போறது கடைக்காரருக்கு.

இங்கிலீஷ்ல எழுதும்போது ரெய்டு பெயர்ச்சொல்லா வந்தா பின்னாடி ஆன் போடுங்க, ரெய்டு ஆன் த ஹவுஸ். வினையா வந்தா ஆன் வேண்டாம், போலீஸ் ரெய்டட் த ஹவுஸ். ராத்திரி பசிச்சு ஃப்ரிட்ஜ தொறந்து கிடைச்சத எல்லாம் திங்கறதுக்கும் ரெய்டட் த ஃப்ரிட்ஜ்னு தாராளமா சொல்லலாம். பைக்ல முட்டம் வரைக்கும் போயிட்டு வந்தா மட்டும் ரைடுன்னு எழுதுங்க.