கேள்வி – பதில்: செய்திகளில் கடிகாரங்கள்

கேள்வி: பூமி வேகமாகச் சுழல்வதால் நாளின் நீளம் குறைந்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, கைக்கடிகாரத்தைத் திருத்தி வைக்க வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: வேண்டியதில்லை. செய்தி உண்மைதான், தலைப்பைப் பார்த்தால் ஏற்படும் பதற்றத்துக்குத்தான் இடமில்லை. அணுக் கடிகாரங்களைக் கொண்டு அளக்கத் தொடங்கிய பிறகு பதிவான மிகக் குறுகிய நாட்களுள் ஒன்று 2024 ஜூலை 5. அன்றைய நாள் 86,400 விநாடிக்கு 1.66 மில்லி விநாடி குறைவாக இருந்தது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமே மாதத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்பின்னாக ஓடும் என்பதால், இந்தக் குறைவு யாருடைய மணிக்கட்டிலும் தெரியப்போவதில்லை.

இருந்தாலும், ஒவ்வொரு நாளும் ஒரு மில்லி விநாடி குறைவாகவே இருந்துவந்தால் ஆயிரம் நாட்களில் ஒரு முழு விநாடி சேர்ந்துவிடும் என்பதால், உலக நேரத்தைக் காப்பவர்கள் இதைக் கவனித்தாக வேண்டியிருக்கிறது. நீண்ட காலப் போக்கோ இதற்கு நேர்மாறு: நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் ஏற்றவற்றம் நூற்றாண்டுக் கணக்கில் பூமியின் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்திவருகிறது. அணுக் கடிகாரமோ தளராமல் ஓடும். இவ்விரண்டுக்கும் இடையில் விழும் வித்தியாசத்தைச் சரிக்கட்டவே 1972 முதல் இதுவரை 27 முறை ‘லீப் விநாடி’ சேர்க்கப்பட்டது. கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று, உலகப் பொது நேரத்தில் 23:59:59 ஆன பிறகு 00:00:00 வராமல் 23:59:60 என்றொரு விநாடி வந்து போனது.

அண்மை ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. பூமியின் ஆழத்தில் உள்ள திரவக் கருவின் ஓட்டம் மாறி, மேல்பகுதியின் சுழற்சி சற்று வேகம் பிடித்ததால், விநாடியைச் சேர்ப்பதற்குப் பதிலாக ஒன்றைக் கழிக்க நேரலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்படிக் கழித்தால் 23:59:58க்குப் பிறகு நேராக நள்ளிரவு வந்துவிடும். இதுவரை ஒருமுறைகூட நடக்காத காரியம் இது. பழகிய முறையில் விநாடி சேர்த்த 2012 ஜூன் 30 அன்றே பல இணையதளங்கள் முடங்கின, ஒரு பெரிய விமான நிறுவனத்தின் பயணிகள் பதிவு தடுமாறியது என்னும்போது, கழித்தால் கணினிகள் என்ன பாடுபடும் என்ற கவலை நியாயமானதே. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பான ஒன்றைச் சொன்னது: துருவப் பனி உருகி, அந்த நீர் நிலநடுக்கோட்டை நோக்கிப் பரவுவதால் பூமியின் நிறை அச்சிலிருந்து விலகிச் சுழற்சி சற்றுத் தளர்கிறது, அதனால் 2026 வாக்கில் தேவைப்பட்டிருக்கக்கூடிய அந்தக் கழித்தல் 2029 வரை தள்ளிப்போயிருக்கிறது. புவி வெப்பமாதல் கணினிப் பொறியாளர்களுக்கு மூன்றாண்டு அவகாசம் வாங்கித் தந்திருக்கிறது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எப்படியும் இந்தத் தலைவலிக்கு ஆயுள் குறைவு. 2035-க்குள் லீப் விநாடி முறையைக் கைவிடுவதென்று எடை, அளவைகளுக்கான உலகப் பொது மாநாடு 2022 நவம்பரில் தீர்மானித்துவிட்டது.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டத்தில் இருவருக்கும் 9.79 விநாடி என்றார்கள். பிறகு ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெள்ளி. இது எப்படி நியாயம்? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பலகையில் காட்டியது நூறில் ஒரு பங்கு வரை. தீர்ப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்துச் சொல்லப்பட்டது. நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்சன் 9.789. இடைவெளி ஐந்து மில்லி விநாடி.

நாளிதழ்களில் வந்த அந்த முடிவுக்கோட்டுப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடல்கள் சற்றே கோணலாக, சில பாதங்கள் ரப்பர் போல நீண்டு, பின்னணி முழுக்க ஒரே வெள்ளையாகத் தெரியும். சாதாரணப் புகைப்படம் ஒரு கணத்தில் பல இடங்களைக் காட்டும்; இந்தப் படமோ ஒரே இடத்தைப் பல கணங்களில் காட்டுவது. கேமரா முடிவுக்கோட்டின் மெல்லிய கீற்றை மட்டும் பார்க்கிறது. பாரிஸில் விநாடிக்கு 40,000 கீற்றுகள் வரை எடுக்கக்கூடிய கருவி வைக்கப்பட்டிருந்தது. அவற்றை வரிசையாக ஒட்டினால் கிடைப்பதே அந்தப் படம். ஆகவே அதில் இடமும் வலமும் தூரத்தைக் குறிப்பதில்லை, நேரத்தைக் குறிக்கின்றன. பின்னணியின் வெள்ளை முடிவுக்கோட்டின் வெள்ளையே. கோட்டின்மேல் ஊன்றிய பாதம் அங்கே தங்கியிருந்த நேரமெல்லாம் திரும்பத் திரும்பப் பதிவாவதால் நீண்டு தெரிகிறது. நடுவர் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி, ஓட்டக்காரரின் மார்பு தொடும் இடத்தில் நிறுத்தி நேரத்தைப் படிக்கிறார். தலை, கை, கால் எதுவும் கணக்கில் வராது. கால் முன்னால் போனவர் தோற்றாரே என்று பலர் கொதித்ததற்கு விடை இந்த விதியில் இருக்கிறது.

நீச்சலில் இப்படிப் பிரிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தனிநபர் மெட்லே நீச்சலில் குன்னர் லார்சன், டிம் மெக்கீயை ஆயிரத்தில் இரண்டு விநாடி வித்தியாசத்தில் வென்றார். அந்த நேரத்தில் நீந்தக்கூடிய தூரம் சில மில்லிமீட்டர். குளத்தின் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நீளத்தில் அதைவிட அதிக வேறுபாடு இருக்கலாம். சுவர் கட்டிய கொத்தனாருக்குப் பதக்கம் கொடுப்பது போலாகிவிடும் என்பதால் விதியை மாற்றி நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் ஃபெல்ப்ஸ் உட்பட மூவர் 51.14 விநாடியில் சேர்ந்து முடித்து மூவரும் வெள்ளி வாங்கியது அந்த விதியால்தான். அளக்க முடிகிறது என்பதற்காக அளந்துகொண்டே போகாமல் நின்றுகொண்ட நீச்சல்காரர்கள் எடுத்த முடிவே எனக்குச் சரியென்று படுகிறது.

கேள்வி: அரசியல்வாதிகளின் கைக்கடிகாரம் ஏன் இவ்வளவு பெரிய செய்தியாகிறது? மாளிகையும் காரும் இல்லாமலா இருக்கிறார்கள்? (வங்கி ஊழியர் ஒருவர்)

பதில்: மாளிகையை உறவினர் பெயரில் வைத்துக்கொள்ளலாம், காரை அரசு தரும். கடிகாரம் மட்டும் அவர் கையிலேயே, கேமராவுக்கு முன்னாலேயே இருக்கிறது. முகப்பின் அமைப்பு, விளிம்பு, பட்டை ஆகியவற்றைப் பார்த்தே அது எந்த மாதிரி, என்ன விலை பெறும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பெரு நாட்டின் அதிபராக இருந்த டீனா பொலுவார்ட்டே 2024 மார்ச்சில் சிக்கியது அப்படித்தான். பொது நிகழ்ச்சிகளில் எடுத்த படங்களை வரிசைப்படுத்திப் பார்த்த செய்தியாளர்கள், விதவிதமான ரோலெக்ஸ் கடிகாரங்களை அவர் அணிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள்; அந்த மாத இறுதியில் காவல் துறையினர் அவர் வீட்டுக் கதவை உடைத்துச் சோதனை போட்டார்கள். கடிகாரங்கள் ஓர் ஆளுநரிடம் இரவல் வாங்கியவை என்று பின்னர் விளக்கம் வந்தது.

மறைக்க முயன்றால் இன்னும் மோசம். ரஷ்யத் திருச்சபைத் தலைவர் கிரில் அணிந்திருந்த விலையுயர்ந்த கடிகாரத்தை ஒரு படத்திலிருந்து கணினியில் அழித்திருந்தார்கள். மெருகேற்றிய மேசையில் விழுந்த அதன் பிம்பத்தை அழிக்க மறந்துவிட்டார்கள். 2012 ஏப்ரலில் இது வெளியானதும் ஊழியரின் தவறு என்று சொல்லித் திருச்சபை பழைய படத்தையே திரும்பப் போட்டது.

கேள்வி: ஊசி குத்தாமல் சர்க்கரை அளவைக் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் என்று விளம்பரம் வருகிறதே, நம்பலாமா? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிக் குறைத்துவிடாதீர்கள். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. தோலடியில் சிறு உணர்வியைப் பொருத்தி, அதன் கணக்கைக் கடிகாரத்தில் காட்டும் கருவிகள் உண்டு. அவற்றில் அளப்பது உணர்வி, கடிகாரம் வெறும் திரை. இதயத் துடிப்பின் கதை வேறு. கடிகாரத்தின் பின்புறம் மினுக்கும் பச்சை விளக்கின் ஒளியை இரத்தம் உறிஞ்சும் அளவு ஒவ்வொரு துடிப்புக்கும் மாறுவதால் அதை ஓரளவு நன்றாகவே எண்ண முடிகிறது.

கேள்வி: உலகம் நள்ளிரவுக்கு 89 விநாடி தொலைவில் இருக்கிறது என்று 2025 தொடக்கத்தில் சொன்னார்களே, அந்தக் கடிகாரம் எங்கே ஓடுகிறது? (பள்ளி மாணவர் ஒருவர்)

பதில்: ‘டூம்ஸ்டே கிளாக்’ எனப்படும் அது ஓடுவதே இல்லை, தம்பி. அதில் நள்ளிரவு என்றால் பேரழிவு என்று பொருள். அணு விஞ்ஞானிகள் நடத்தும் ஓர் அமெரிக்க இதழ், பேரழிவுக்கு உலகம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கூடிப் பேசி, முள்ளை எங்கே வைப்பதென்று முடிவு செய்கிறது. அவ்வளவுதான். 1947-இல் அட்டைப்படத்துக்காக அதை வரைந்த ஓவியர் மார்ட்டில் லாங்ஸ்டோர்ஃப், நள்ளிரவுக்கு ஏழு நிமிடம் என்று வைத்தார். அந்த இடத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருந்தது என்பதே காரணம். பனிப்போர் முடிந்த 1991-இல் முள் 17 நிமிடம் வரை பின்னால் போனது.