மறுமொழி: வரலாற்றுப் பட்டத்துடன் தொல்லியல் களவேலைக்குப் போக முடியுமா?

தங்கச்சி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு முடித்துவிட்டு, முதுகலைக்குப் போவதா, களப் பயிற்சிக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் களம். அதில் எனக்கு ஐயமே இல்லை.

மண்ணைத் தோண்டுவது இந்தத் தொழிலில் சிறு பங்குதான். அகழ்வுக் குழியின் பக்கச் சுவரில் ஒரு மண்ணடுக்கு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டு, அதை அளவோடு வரையத் தெரிய வேண்டும். வரையாமல் எடுத்த மட்பாண்ட ஓடு வெறும் ஓடுதான். யாழ்ப்பாணத்துத் தொல்லியல் களமான கந்தரோடையில் கிடைத்ததுபோன்ற கறுப்பு சிவப்பு மட்பாண்டத் துண்டுகளைக் கையில் எடுத்து, விளிம்பு, களிமண், சுட்ட விதம் பார்த்துப் பிரித்துப் பழகுங்கள். புத்தகப் படம் இதற்கு உதவாது. நில அளவைக் கருவியையும் கணினி வரைபடத்தையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் துறை விரிவுரையாளர்களிடம் நேரில் போய், அடுத்த அகழ்வில் உதவியாளராகச் சேர்க்கக் கேளுங்கள். தொல்லியல் திணைக்களத்திற்கும், அகழ்வுகள் நடத்தும் மத்திய கலாசார நிதியத்திற்கும் எழுதிப் பாருங்கள். முதுகலைக்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம் கொழும்பில் இருக்கிறது.

இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தையும் அதன் 1998 திருத்தத்தையும் தமிழிலேயே வாசியுங்கள். பெரிய கட்டுமானங்களுக்கு முன், அவற்றால் தொல்பொருட்களுக்குப் பாதிப்பு வருமா என்று பார்க்கும் தொல்லியல் தாக்க மதிப்பீடு அந்தச் சட்டத்தைச் சார்ந்தது. அனுமதியின்றி எங்கும் தோண்டாதீர்கள், ஆர்வத்தில்கூட.