பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாய் தெருவில் அவிழ்த்து விடப்படுகிறது. அந்த இனமே ஆபத்தானதா, நான் என்ன செய்யலாம்?

நீங்கள் கடலூர் கூத்தப்பாக்கத்தில் குடியிருப்பதாகவும், பக்கத்து வீட்டு நாய் அடிக்கடி வெளியே வந்து வண்டிகளைத் துரத்துவதாகவும், பிள்ளைகள் டியூஷனுக்குப் போகவே அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த கோம்பை நாயால் இதே தொல்லையை அனுபவித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். தன் வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும். அந்நியரை எளிதில் ஏற்காது. ஓடும் பொருளைக் கண்டால் துரத்தும். வெள்ளை நிறமுள்ள இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்களும் உண்டு என்பதால், நீங்கள் ஹாரன் அடிப்பது அதற்குக் கேட்காமலே போகலாம். பின்னாலிருந்து யாராவது நெருங்கினால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இனத்தின் பெயரை மட்டும் வைத்து ஒரு நாயின் குணத்தைக் கணிக்க முடியாது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே இனத்தால் விளக்கத்தக்கது என்று கண்டது. பெரிய நாய் கடித்தால் காயம் பெரிதாக இருக்கும் என்பது வேறு விஷயம். அதை யாரும் மறுக்க முடியாது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்தபோதும், அவை ஏன் கட்டப்படாமல் இருந்தன என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி. அதே ஆண்டு மார்ச்சில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையில் ராஜபாளையம் இல்லை. அந்தச் சுற்றறிக்கையையும் கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்துவிட்டன.

எனவே, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போது இனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். எங்கள் தெருவில் எல்லாரும் “கோம்பை காட்டுப்பன்றியையே மடக்குமாமே” என்று முறையிட்டார்கள். அதைக் கேட்ட எதிர்வீட்டு அண்ணனுக்குப் பெருமை கூடியதே தவிர, வேறு பயன் விளையவில்லை. நான் ஒரு மாலையில் தனியாகப் போய், “அண்ணே, காலையில பால் வாங்கின பிறகு கேட் சரியா மூடுறதில்லை, அந்த நேரத்துலதான் அது வெளியே வருது” என்று சொன்னேன். இருவரும் போய்ப் பார்த்தோம். கேட் ஒரு பக்கம் இறங்கியிருந்ததால் தாழ்ப்பாள் துளைக்குள் போகாமல் மேலே இடித்து நின்றது. கை எடுத்ததும் கதவு ஒரு சாண் அகலத்துக்குத் தானாகத் திறந்துகொண்டது. வெல்டிங் கடையிலிருந்து ஆள் வந்து கீலை உயர்த்திப் பற்ற வைத்த பிறகு அந்த நாய் தெருவுக்கு வருவது நின்றது. உங்கள் பக்கத்து வீட்டிலும் நாய் எந்த நேரத்தில், எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், நாயின் மூர்க்கமும் அதனால் கூடும். மூடிய கேட்டும், வெளியே அழைத்துச் செல்லும்போது கையில் பிடித்த வாரும் போதும். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

நயமாகச் சொல்லியும் கேட்கவில்லை என்றால், தேதி, நேரம், கைப்பேசியில் எடுத்த காணொளி ஆகியவற்றோடு மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தன் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருந்தும் போதிய தடுப்பு செய்யாதவருக்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. கடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதுவும் பயன் தராவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆபத்தான விலங்கை அடைத்து வைக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. கல்லெறிவதும் விஷம் வைப்பதும் மட்டும் கூடவே கூடாது; கொடுமை என்பதோடு, வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: நாய் வந்தால் ஓடாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல், புத்தகப் பையை முன்னால் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவ வேண்டாம். வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று இருந்துவிடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசி அன்றும், 3, 7, 28ஆம் நாட்களிலும் போடப்படுகிறது. இரத்தம் வந்த காயத்துக்கு, உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் புரத ஊசியான இம்யூனோகுளோபுலினும் தேவை. கடித்த நாயை அடித்துக் கொல்லவோ வேறு ஊருக்கு அனுப்பவோ விடாமல், பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருக்கும்படி உரிமையாளரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.