வாய்க்கால் பொடி மீன்: உடலில் ஓடும் கோட்டை நம்பாதீர்கள்

கேள்வி: பினாங்கு, பாலிக் புலாவில் நெல் வயலை ஒட்டிக் கீரை போடுகிறேன். வாய்க்காலில் கிடைத்த 3 பொடி மீன்களின் படம் அனுப்பியுள்ளேன். இவை ஹாருவான் (விரால்) குஞ்சா, சண்டை மீனா? தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுவுக்கு விடலாமா?

பதில்: ஹாருவான் இல்லை ஐயா. ஹாருவானுக்கு முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வாலடி வரை நீண்டு ஓடும். இந்த மூன்றில் எதற்கும் அப்படி இல்லை.

முதல் படம் கெபாலா தீமா. தலை உச்சியில் வெள்ளீயத்தைச் சொட்டு விட்டதுபோல ஒரு புள்ளி மின்னுகிறதே, பெயரே அதனால் வந்ததுதான். வாய் மேல்நோக்கி இருக்கும். முதுகுத் துடுப்பு நன்றாகப் பின்னால் தள்ளி, அடியில் கறுப்புத் திட்டோடு இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த கம்பூசியா என்ற கொசு மீனும் மேலோட்டமாக இப்படித்தான் தெரியும். ஆனால் அதற்கு உச்சிப் புள்ளியும் இல்லை, துடுப்படிக் கறுப்பும் இல்லை. கம்பூசியா ஆணின் அடித்துடுப்பு ஊசிபோல நீண்டிருக்கும்.

இரண்டாவது செப்பாட் குஞ்சு. உடல் நடுவே ஒரு புள்ளி, வாலடியில் ஒரு புள்ளி, நெஞ்சடியில் நூல்போல இரண்டு இழை. இதில் சந்தேகமே இல்லை.

மூன்றாவதுதான் சிக்கல். பெலாகா என்ற காட்டுச் சண்டை மீனின் பெண்ணாக இருக்கலாம், அதன் உறவான காரிம் என்ற சிறு மீனாகவும் இருக்கலாம். பக்கவாட்டில் கறுப்புக் கோடு ஓடினால் காரிம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பிடிபட்டு மிரண்ட பெண் பெலாகாவும் அதே கோட்டைத்தான் காட்டும். வாலைப் பாருங்கள்: பெலாகாவுக்கு வட்டம், காரிமுக்கு நடுவில் கூர். உங்கள் படத்தில் வால் மடங்கிக் கிடக்கிறது.

அதனால் இன்னொரு படம் வேண்டும். மீன் திரும்ப முடியாத அளவுக்குக் குறுகலான கண்ணாடிப் பாத்திரத்தில் வாய்க்கால் தண்ணீரையே ஊற்றுங்கள். பின்னால் கறுப்புத் தாள், வெளிப்பக்கம் ஒரு அடிக்கோல். 10 நிமிடம் தொந்தரவு செய்யாமல் விட்டால் துடுப்பை விரிக்கும். பிளாஷ் போட்டால் செதில் பளபளத்து நிறம் பொய் சொல்லும். ஜன்னல் வெளிச்சம் போதும். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்கள். செத்த மீன் வேண்டாம், நிறம் போய்த் துடுப்பும் சுருங்கிவிடும். இரவில் அந்தப் பாத்திரத்திலிருந்து கர்ர்ர் என்று சத்தம் கேட்டால் படமே தேவையில்லை, அது காரிம்தான்.

வாய்க்காலுக்குத் தண்ணீர் மலை ஓடையிலிருந்து வருகிறதா என்பதையும் எழுதுங்கள். ஓடை மீனென்றால் பெட்டா பக்னாக்ஸ் என்ற வேறொரு சண்டை மீன் வகையையும் யோசிக்க வேண்டும். 1849இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டதே பினாங்கு மீனை வைத்துத்தான். பெலாகா நுரைக்கூடு கட்டும். பக்னாக்ஸில் ஆண் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும்.

தொட்டிக்குக் கெபாலா தீமாவே சரி; நீர்மட்டத்தில் மேய்வதால் கொசுப் புழு தப்பாது. 5, 6 மீன் போதும். நன்றாக எகிறும், வலை போட்டு மூடுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு விடுங்கள். வயலில் நத்தையைக் கொல்லத் தேயிலை விதைப் புண்ணாக்கு போட்ட வாரத்தில் மீன் எடுக்காதீர்கள். அதிலுள்ள சப்போனின் என்ற நச்சு செவுள் வழியாக இரத்தத்தைக் கெடுக்கும், தொட்டிக்கு வந்த பிறகும் சாகும். கடையில் வாங்கிய சண்டை மீனை மட்டும் வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள், காட்டுப் பெலாகாவோடு கலந்துவிடும்.