கேளுங்க ஆச்சி: பழி யாரு தலையில?

கேள்வி: பல்லவன் ரயில்ல அரியலூர் தாண்டுறப்பல்லாம் எங்க அப்பச்சி, ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கதைய ஆரம்பிச்சுருவாக. மந்திரியா ரயில ஓட்டுனாரு, எவனோ செஞ்ச தப்புக்கு அவரு ஏன் போகணும்னு என் மகன் சண்டைக்கு வர்றான். யாரு சொல்றது சரி?
(ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: ஆச்சி, ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறாங்க. 1956 நவம்பர் 23, அரியலூர் பக்கம் மருதையாத்துல வெள்ளம், பாலம் போச்சு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துக்குள்ள, 150 பேருக்குப் பக்கமா செத்தாங்க. அதுக்குக் கொஞ்சம் முந்திதான் மெகபூப்நகர் ரயில் விபத்து, அப்பவே சாஸ்திரி ராஜினாமா குடுத்தாரு, நேரு வாங்கல. அரியலூருக்கு அப்புறம் வாங்கிக்கிட்டாரு, ஆனா சாஸ்திரி மேல தப்புன்னு இல்ல, ஒரு முன்னுதாரணமா இருக்கட்டும்னுதான் ஏத்துக்கிறேன்னு பார்லிமெண்ட்லயே சொன்னாரு. நம்ம ஊரு ஆளுங்களுக்கு இது புரியாம இருக்காது, ரங்கூன் கடைய சம்பள ஆளுங்க மேலாளும் அடுத்தாளும் பாத்துக்கிட்டாலும் போர்டுல இருக்கது முதலாளி பேரு விலாசம்தானே, கணக்கு இடிச்சா வந்தவன் பெட்டியடிப் பையனையா கேட்டான்?

அதுக்காக உங்க மகன் கேள்வியயும் தள்ளிற முடியாது. ஏன்னா மந்திரி போயிட்டா ஃபைல மூடிறலாம்ங்கிற ஆபத்தும் இருக்கு.

2023 ஜூன் 2, ஒடிசா பாலசோர் ரயில் விபத்தப் பாருங்க. சென்னைக்கு வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைன்ல (மெயின் லைனுக்குப் பக்கத்துல வண்டிய ஒதுக்கி நிறுத்துற தண்டவாளம்) நின்ன கூட்ஸ்ல மோதி 290 பேருக்கு மேல போயிட்டாங்க. ஒடம்பெல்லாம் அடையாளம் தெரியறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல தீர்ப்பு வந்துருச்சு, தண்டவாளத்துப் பக்கம் தெரிஞ்ச இஸ்கான் கோயில மசூதின்னு சொல்லி ஒரு சமூகத்து மேலயே பழியத் தூக்கிப் போட்டானுங்க, த்தூ! அப்புறம் சிபிஐ ரயில்வே ஊழியர் மூணு பேரக் கைது பண்ணுச்சு. ஆனா ரயில்வே பாதுகாப்பு கமிஷனர் ரிப்போர்ட் சொன்னதுதான் எனக்கு வயித்தெரிச்சல்: இந்த விபத்துக்குக் காரணமான சிக்னல் வயரிங் கோளாறு மாதிரியே 2022 மே மாசமே அதே பக்கம் இன்னொரு ஸ்டேஷன்ல நடந்துருக்கு, அப்பவே சரி பண்ணிருந்தா இது நடந்துருக்காதாம். அப்ப வயரத் தொட்டவன மட்டும் புடிச்சா போதுமா, அந்த மே மாசப் பேப்பர் எந்த டேபிள்ல தூங்குச்சுன்னு கேக்க வேணாமா? உங்க மகன அத கேக்கச் சொல்லுங்க.

கேள்வி: ராஜினாமா பண்ணா அரசியல் வாழ்க்கையே போயிருமே?
(தேவகோட்டை வாசகர்)

பதில்: எங்க போச்சு? 1957 எலெக்‌ஷன் முடிஞ்சதும் சாஸ்திரி திரும்ப மந்திரி, 1964ல பிரதமர்.