மான் வேட்டை ரைபிளுக்கு எந்த சைட் (குறிபார்க்கும் கருவி)?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: டெக்சாஸில் இருக்கும் மாமா .30-30 (தோட்டா வகை) லீவர் ஆக்‌ஷன் ரைபிள், அதாவது கைப்பிடி நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிள், வாங்கியிருக்கிறார், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போடலாமா? (நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம், இது அங்குள்ளவருக்கு மட்டும்.)

முதலில் மாடலைப் பாருங்கள் தம்பி. பழைய வின்செஸ்டர் 94-இல் சுட்ட தோட்டாக்கூடு மேல்பக்கமாகத் தெறிக்கும், நடுவில் ஸ்கோப் இருந்தால் இடிக்கும். மார்லின் 336-இல் பக்கவாட்டில் வரும், தாராளமாகப் பொருத்தலாம். ஆனால் ஹேமரை (சுடுமுன் பின்னுக்கு இழுக்கும் சுத்தியல்) இழுக்கக் கட்டைவிரலுக்கு இடம் குறையும். ஹேமரில் பக்கவாட்டு நீட்சி ஒன்று மாட்ட வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் ஸ்கோப்பைவிட பீப் சைட்தான் (துளை வழியே பார்க்கும் குறி). ரைபிளோடு கூடவே வரும் பள்ளக்குறியில் (பின்னால் பள்ளம் வெட்டிய குறி) பின்குறி, முன்குறி, மான் மூன்றையும் கண் ஒரே சமயத்தில் தெளிவாகப் பிடிக்காது. நாற்பது தாண்டினால் பின்குறி மங்கியே தெரியும். பீப் சைட்டில் கண்ணருகே ஒரு வளையம். அதை உற்றுப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியே முன்குறியை மானின் மேல் வைத்தால் போதும், கண் தானாக நடுவுக்கு வந்துவிடும். துளை பெரிதாக இருக்கட்டும்; சின்னத் துளை விடியற்காலை வெளிச்சத்தில் இருட்டடிக்கும்.

.30-30-க்கு 150 கஜம் வரை நல்ல தூரம். அதற்கு இதுவே போதும். மாமாவுக்குப் பார்வை குறைவென்றால் மட்டும் 1-4 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்தச் சொல்லுங்கள்.